மஞ்சள் கட்டை

காலர் என்று சொன்னால்தான் அந்தத் தையல் கூடத்தில் யாருக்கும் ஆள் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. முப்பது வருஷமாகச் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். காலரின் இரண்டு முனையும் ஒரே அளவாக, ஒரே கூராக வர வேண்டும். ஒரு நூல் தள்ளிப்போனாலும் சட்டை போட்டவன் கழுத்துச் சுளுக்கிக்கொண்டவன் மாதிரி நிற்பான். ஒரு நாளைக்கு நானூறு காலர் அவள் கைக்குக் கீழே போகும், ஒன்றுகூடத் திரும்பி வராது. கைக்குத் தக்கபடி வாயும் இருந்தது. கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று பார்க்க மாட்டாள். முதலாளியாக இருந்தாலும் சரி, கட்டிய கணவனாக இருந்தாலும் சரி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்படிப்பட்டவள் ஒரு மரக்கட்டைக்கு முப்பது வருஷம் அடங்கிக் கிடந்தாள். அந்த அநியாயத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

கட்டை என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு. மஞ்சள் பெயின்ட் அடித்து, மேலே ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, மேனேஜர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். நாற்பத்தாறு பெண்களுக்கு ஒரே கட்டை. ஒருத்தி போயிருந்தால் அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போன நேரம், வந்த நேரம் இரண்டும் நோட்டில் ஏறும். ஏழு நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் போனாலோ, சாயந்தரம் மணி அடித்ததும் மைக்கில் பேர் வாசிக்கப்படும். பேரும் நிமிஷமும். பிள்ளை பெற்றவர்கள், பேரன் எடுத்தவர்கள், எல்லோரும் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகாராசன் அந்த ஆலையின் முதலாளி. அவன் எத்தனை தடவை போனான், எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான் என்று எந்த நோட்டிலும் இல்லை.

காலருடைய பேர் ஒரு தடவைகூட மைக்கில் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ரகசியம் ஒன்றும் கிடையாது, தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ, மத்தியானம் சாப்பாட்டோடு இரண்டு மிடறு, அவ்வளவுதான். இடைவேளையில் ஒரே ஒரு தடவை போய் வருவாள். வெயில் காலத்தில் உதடு வெடிக்கும், மண்டை இடிக்கும், அடிவயிறு எரியும். அதையெல்லாம் அவள் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தாள். அடிக்கடி எழுந்து போகிறவர்களைக் கண்டால் இளக்காரம். "அரை நாள் தாங்க மாட்டாளுங்களா? சின்னப் புள்ளைங்களா இவளுங்க?" என்று மெஷினைப் பார்த்துச் சொல்வதுபோல் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த முதலாளி ஒரு காரியம் செய்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஆலையை மூடிவிட்டு, மெஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிப்போக லாரி வரவழைத்தான். செய்தி கேட்டு ஓடிவந்த பெண்கள் லாரிக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். முதலில் படுத்தவள் காலர். அவள் பக்கத்தில் படுத்தவள் பாபின். மெஷின் மெஷினாகப் போய் நூல் சுற்றிய பாபின் கொடுத்துவந்ததால் அவளுக்கு அந்தப் பேர். இருவருக்கும் இருபத்தைந்து வருஷச் சிநேகம். மத்தியானச் சாப்பாட்டை ஒரே டப்பாவில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டவர்கள். லாரிக்காரன் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். அடியாட்கள் வந்து கையையும் காலையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள். போட்ட இடத்திலிருந்து எழுந்து வந்து மறுபடியும் படுத்தார்கள். பதினோரு நாள். ஒரு கல் எறியவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. வாயால் திட்டியது உண்டு. கடைசியில் கோர்ட்டு ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்தது.

சங்கத்துக்குப் பேர் வைக்கிற அன்று, வழக்கை நடத்திய வக்கீலம்மா 'சுயராஜ்யம்' என்று வைக்கச் சொன்னார். இந்தியாவில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஆயுதம் தொடாமல் நின்றவர்கள் உயிராகப் பிடித்திருந்த சொல் அது என்றார். "வெள்ளைக்காரன் கப்பலேறிட்டா மட்டும் அது வந்துடாதுன்னு அவங்க சொன்னாங்க. அவன் போன பிறகும் அவனோட மிரட்டல் அப்படியே இருந்து, உக்காந்திருக்கற ஆள் மட்டும் மாறினா என்ன பிரயோஜனம்? தன்னைத் தானே ஆளத் தெரிஞ்சவங்களை வேற ஒருத்தன் ஆள முடியாது. அதுக்குப் பேர்தான் சுயராஜ்யம்" என்று விளக்கினார்.

கூட்டம் கை தட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் காலர். தன்னைத் தானே ஆளுவதா? அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாசலில் போர்டு ஏறியது. பாபினை எல்லோரும் சேர்ந்து மேனேஜராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளியின் நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். அவனுடைய விதிப் புத்தகத்தை ஒரு நாள் முழுக்க வாசித்து, வேண்டாததைக் கையைத் தூக்கி நீக்கினார்கள். எத்தனையோ விதி போயிற்று. கட்டை மட்டும் போகவில்லை. ஆணியும் அதே ஆணி, மைக்கும் அதே மைக், வாசிக்கிற குரல் மட்டும் பாபினுடையது.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

காலரின் நாத்தனாரும் அதே கூடத்தில்தான் வேலை செய்தாள், பதினாலாம் நம்பர் பட்டன் மெஷினில். கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று வீட்டில் நாற்காலியில்கூட நுனியில்தான் உட்காருவாள். தனக்கென்று அவளுக்கு இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். அதன் முன்னால் உட்கார்ந்தால் முதுகு நிமிரும், அண்ணியையே "இந்தப் பக்கம் வெளிச்சத்தை மறைக்காத அண்ணி" என்று அதட்டுவாள். போன வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தால் போக வேண்டும். போனால் மைக். மாதத்தில் பத்து நாளாவது அவள் பேர் வாசிக்கப்பட்டது. அப்போதும் காலர், "கொஞ்சம் அடக்கிப் பழகு. எல்லாம் பழக்கந்தான்" என்றுதான் சொன்னாள். அவள் வாயால் சொன்னதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் நாத்தனார் எழுந்து மேசைக்குப் போனாள். ஆணியில் கட்டை இல்லை.

"கட்டை வரட்டும்" என்றாள் பாபின், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"அவசரம்க்கா."

"எல்லாருக்கும் அவசரந்தான். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. போய் உக்காரு, வந்ததும் கூப்பிடறேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பட்டன் மெஷின் ஓடியது. கட்டையை எடுத்துப் போனவளுக்கு வயிற்றுப்போக்கு, வர நேரமாயிற்று. மறுபடி எழுந்து போய்க் கேட்க நாத்தனாருக்குக் கூச்சம். ஆறு சட்டைக்குப் பட்டன் வைத்தாள். ஏழாவது சட்டையில் மெஷின் நின்றது. கூடத்தின் அந்த மூலையில் திடீரென்று சத்தம் குறைந்ததைக் கேட்டுக் காலர் தலையைத் திருப்பினாள். நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்குக் கீழே தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி. சொல்லவே வாய் கூசுகிறது.

பக்கத்து மெஷின்காரி பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள். காலர் ஓடிப்போய், தைக்க வைத்திருந்த துணியிலேயே இரண்டு மீட்டர் கிழித்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பினாள். தரையைத் தானே துடைத்தாள். பாபினே வருவாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள்.

பாபின் வரவில்லை. சாயந்தரம் மணி அடித்தது. மைக் கரகரத்தது. "பதினாலாம் நம்பர் பட்டன் மெஷின். அனுமதி இல்லாம வெளியேறினது. ஆறு மணி நேரம் நிறுத்தம்."

அவ்வளவுதான், காலருக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மெஷின்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு போய் மேசையை ஓங்கி அறைந்தாள். நோட்டு துள்ளி விழுந்தது.

"ஏன்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அவ மானம் போயி அழுதுகிட்டு வீட்டுக்குப் போயிருக்கா, நீ மைக்கைப் புடிச்சு மணிக்கணக்கு வாசிக்கிற! அந்தப் படுபாவி நாற்காலியில உக்காந்ததும் அவன் புத்தி உனக்கு ஒட்டிக்கிச்சா? லாரிக்கு முன்னால என் பக்கத்துல படுத்தவதானே நீ? அவன் போனான், கட்டை போச்சா? வாசல்ல எதுக்குடி அந்தப் போர்டு? கழட்டி அடுப்புல வை!"

பாபின் அலமாரியைத் திறந்து, தீர்மான நோட்டை எடுத்தாள். முதல் பொதுக்கூட்டத்தின் பக்கத்தைப் புரட்டி, மேசையில் காலர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"சத்தமா வாசி. எல்லாரும் கேக்கட்டும்."

காலர் வாசிக்கவில்லை. கண்ணால் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பாபினே நோட்டை இழுத்து வாசித்தாள்: "கட்டையை நீக்கலாம்னு அயர்ன் பிரிவு கேட்டது. காலர் எழுந்து பேசினது: தன்னைத் தானே ஆளத் தெரிஞ்சவளைக் கட்டை ஒண்ணும் பண்ணாது. எனக்கு அது ஒரு நாளும் தேவைப்படல. தெரியாதவளுக்குத்தான் கட்டை வேணும். இருக்கட்டும். கூட்டம் கை தட்டி ஏற்றுக்கொண்டது." நோட்டை மூடினாள். "கட்டையை எடுத்துடலாம்னுதான் நான் கையைத் தூக்க இருந்தேன். நீ பேசினே, எல்லாரும் கை தட்டினாங்க. இப்ப நான் படுபாவியா?"

காலர் இதை மறந்தே போயிருந்தாள். அன்றைக்கு ஐந்து மணி நேரக் கூட்டம், ஆளுக்கொரு பேச்சு. வக்கீலம்மா சொன்ன வார்த்தை சூடு ஆறாமல் மண்டையில் இருந்தது, அதை வைத்து ஜம்பமாக நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தவள், மறுநாளே மறந்துவிட்டாள். பேசியவளுக்கு மறந்துபோனது நாற்பத்தைந்து பேர் கழுத்தில் மூன்று வருஷமாகத் தொங்கியிருக்கிறது.

வீட்டில் நாத்தனார் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காலர் கெஞ்சினாள். அரை மணி கழித்துத்தான் உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தக் கட்டை ஆணியில தொங்கற வரைக்கும் நான் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன் அண்ணி. சொல்லிட்டேன்."

"முப்பது நாள் வரலன்னா பேரை எடுத்துருவாங்க. மெஷின் வேற ஆளுக்குப் போயிரும்."

"போகட்டும்."

போகட்டும் என்றவள் உள்ளே விம்மி அழுதது இவளுக்குக் கேட்டது. அந்த மெஷினும் போய்விட்டால் அவள் வீட்டு நாற்காலியின் நுனியிலேயே மிச்ச காலத்தைக் கழிப்பாள் என்று காலருக்குத் தெரியும்.

காலரின் கணவன் பஸ் கண்டக்டர். எவ்வளவு பெரிய விஷயமானாலும் ஒரு கிண்டலில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவான். நடந்ததையெல்லாம் கேட்டான். தங்கையின் கதவைப் பார்த்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"முதலாளியை வாசல் வழியா வெளிய தள்ளினீங்க. அவன் பின்வழியா வந்து உன் அடிவயித்துல உக்காந்துட்டான்."

"வாயை மூடுங்க."

"நான் மூடறேன். நீ தண்ணி குடிச்சு எத்தனை வருஷமாச்சு, சொல்லு. இங்க லீவு நாள்லகூட நீ குடிச்சு நான் பாத்ததில்ல. இங்க எந்த மேனேஜர் இருக்கான்? யாருக்குப் பயந்து வாயைக் கட்டிட்டு இருக்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து மடமடவென்று குடித்தாள். பாதியில் புரையேறியது. இருமிக்கொண்டே மீதியையும் குடித்தாள். கட்டுப்பாடாம் கட்டுப்பாடு! யாருடைய கட்டுப்பாடு? முப்பது வருஷமாக எவனோ ஒருவனுடைய நோட்டுக்காக உடம்பை வாட்டிவிட்டு, அதைத் தன் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். தான் ஆளப்பட்டதற்குத் தன்னை ஆளுவது என்று பேர் வைத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? அடுத்தவள் கழுத்திலும் மாட்டச் சொல்லியிருக்கிறாள். பாபின் மேல் வந்த கோபத்தைவிட நாலு மடங்கு கோபம் தன் மேல் வந்தது.

மறுநாள் காலை ஒரு கடிதத்தோடும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடும் போனாள். கடிதத்தை மேசை முன்னால் நின்று அவளே வாசித்தாள். "இன்று முதல் எனக்குத் தேவைப்படும்போது கட்டை இல்லாமல் போவேன். ஒளிந்து போக மாட்டேன், உங்களிடம் சொல்லிவிட்டுப் போவேன். நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், மைக்கில் வாசியுங்கள். விதிப்படி என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். கட்டைக்கு மட்டும் இனிமேல் என் கழுத்து வளையாது."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? மூணு தடவை மீறினா ஒரு வாரம் வெளிய நிக்கணும். அதுக்கு மேலயும் மீறினா உறுப்பினர்லருந்து எடுக்கறதுக்குப் பொதுக்கூட்டம். தெரியும்ல?" என்றாள் பாபின்.

"தெரியும். அன்னிக்கு அதுக்கும் நான் கை தூக்கியிருப்பேன்."

பத்து மணிக்கு எழுந்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். கட்டையைத் தாண்டி நடந்தாள். சாயந்தரம் முதல்முறையாக மைக்கில் அவள் பேர் வந்தது. பேர் வந்ததும் மெஷின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அதுவரை அவளிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். "மகாராணி போறாங்க, வழி விடுங்கடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். ஒரே சிரிப்பு. காலருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் விடுகிற அளவுக்கு வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினாள். பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இத்தனை வருஷம் அடக்க வேண்டியதை விட்டுவிட்டு, அடக்கக் கூடாததை அடக்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் அவளை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். அவள் வீட்டில் இருக்கவில்லை. தினமும் வேலை நேரத்துக்கு வந்து, 'சுயராஜ்யம்' போர்டுக்குக் கீழே பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: "கட்டையை மாட்டச் சொன்னது நான். தப்பு என்னோடது." அதைக் கேட்ட பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்படி உட்கார்ந்த ஐந்தாம் நாள் அயர்ன்காரி ஒருத்தி, கைகள் உலக்கை மாதிரி இருக்கும், கட்டை இல்லாமல் போனாள். மறுநாள் மூன்று பேர். காலர் உள்ளே திரும்பி மறுபடியும் கட்டை இல்லாமல் போன வாரத்தில் பதினேழு பேர். சாயந்தரம் மைக்கில் பேர் வாசித்து முடியவே கால் மணி ஆயிற்று. இத்தனை பேரை வெளியே நிறுத்தினால் ஆலை ஓடாது என்பதால் பேர் வாசிப்பதோடு சரி. ஆளாளுக்கு எழுந்து போனால் வேலை நின்றுவிடும் என்று பயந்தார்களே, எங்கே நின்றது? சட்டை எப்போதும் போலப் போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் வீட்டோடு அடைந்த இருபத்தைந்தாம் நாள் அயர்ன்காரிக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. மைக் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து போய்க் கட்டையைப் பிடுங்கினாள். பாபினின் நாற்காலியை ஓர் உதை விட்டாள். பாபின் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "இவளை வெளிய தள்ளுங்க! கட்டையைக் கொளுத்துங்க! காலர்க்கா, நீ வந்து உக்காரு இந்த நாற்காலியில!"

காலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். நாற்காலியை நிமிர்த்தினாள். எல்லோரும் அவள் உட்காரப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பாபினின் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள். அயர்ன்காரியின் கையிலிருந்து கட்டையை வாங்கினாள். வாங்கி, தன் கையாலேயே மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

"என்னக்கா பண்ற?" என்று கத்தினாள் அயர்ன்காரி.

"எரிச்சா நாளைக்கு வேற ஒண்ணு செஞ்சு மாட்டுவோம். செய்வோமா இல்லையா? பாபினை இறக்கிட்டு நான் உக்காந்தா ஒரு மாசத்துல நானே கட்டை கேப்பேன். கேட்டவதானே நான்! இவ மேல விழற அடி எனக்கும் விழ வேண்டிய அடி. கட்டையை மாட்டச் சொன்ன அதே வாயால, அதே பொதுக்கூட்டத்துல, கழட்டச் சொல்றேன். அப்பவும் வேணும்னு நீங்க கை தூக்கினா, நான் திரும்பவும் கட்டை இல்லாமதான் போவேன், திரும்பவும் வாசல்ல உக்காருவேன். ஆனா ஒருத்தி மேலயும் கை வைக்கக் கூடாது. போங்கடி எல்லாரும்!"

இருபத்தெட்டாம் நாள் பொதுக்கூட்டம். எடுத்துக்கொண்ட விஷயம் காலரை உறுப்பினரிலிருந்து நீக்குவது. அவள் எழுந்து, தீர்மான நோட்டில் இருந்த தன் பேச்சை வரி விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, "இது மாதிரி ஒரு கேவலமான பேச்சை நான் எந்த முதலாளி வாயிலயும் கேட்டதில்ல" என்றாள். "பயத்துல அடங்கிக் கிடந்ததை ஆளறதுன்னு நெனச்சுட்டேன். தாகம் எடுத்தா குடிக்கணும், வந்தா போகணும், வேலை இருந்தா திரும்பி வரணும். இதைப் பாத்துக்க எனக்கு அறிவு இல்லைன்னா எனக்கு ஆலை எதுக்கு? என்னை நீக்கறதுன்னா நீக்குங்க. அந்தக் கட்டையையும் நீக்கிட்டு நீக்குங்க. பதினாலாம் நம்பர்ல உக்காரவேண்டியவளுக்கு நாளை மறுநாளோட முப்பது நாள் முடியுது, பேர் போயிடும்."

பாபின் எழுந்தாள்.

"மூணு வருஷமா நான் ஒரு நாளும் கட்டையை எடுத்ததில்ல. யாராவது பாத்திருக்கீங்களா? எடுத்தா, மேனேஜரே சும்மா சும்மா போறான்னு சொல்வீங்க. எடுக்காம போனா, சலுகைன்னு சொல்வீங்க. காலையில உக்காந்தா சாயந்தரந்தான். என் கிட்னியில ரெண்டு கல்லு இருக்கு. அன்னிக்கு அவகிட்ட கட்டை வரட்டும்னு சொன்னப்ப எனக்கே வலி உயிர் போயிட்டிருந்துச்சு. நான் தாங்கறேன், இவளுக்கு என்னன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்." அவள் கையைத் தூக்கினாள். "கட்டை வேண்டாம்."

வந்திருந்த நாற்பத்தைந்து பேரில் முப்பத்தொரு கை எழுந்தது. காலரை நீக்குகிற தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. பாபின் கட்டையை ஆணியிலிருந்து எடுத்து, நேரம் எழுதிய நோட்டோடு சேர்த்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அயர்ன்காரி மட்டும், "உன் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். பதினாலாம் நம்பர் ஓட ஆரம்பித்தது. காலர் தன் மெஷினில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தைத்தாள், மனசு நிறைந்திருந்தது.

பதினொன்றரைக்குப் பட்டன் மெஷின் நின்றது. நாத்தனார் எழுந்தாள். மேசைப் பக்கம் நடந்தாள். வெறும் ஆணிக்கு நேராக வந்தபோது அவள் கை தானாகவே உயர்ந்தது. பாதியில் இறங்கியது. யாரையும் பார்க்காமல் மேசையைத் தாண்டிப் போனாள். பாபின் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கடிகாரத்தை எதுக்குடி பாக்குற?" என்று இங்கிருந்தே சீறினாள் காலர்.

பாபின் திருதிருவென்று விழித்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கூடம் சிரித்தது. காலரும் சிரித்துக்கொண்டே அடுத்த காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். முனையைத் திருப்பினாள், தைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.

நாத்தனார் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், நிதானமாக நடந்து வந்தாள், போய் உட்கார்ந்தாள். பதினாலாம் நம்பர் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஒன்பது நிமிஷம், என்றது காலரின் மனசு.

அவள் கை அப்படியே நின்றது. யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவில்லை, அவளே எண்ணியிருக்கிறாள். தைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒரு நிமிஷம் விடாமல் எண்ணியிருக்கிறாள்.

"சீ!" என்றாள் வாய்விட்டு. பக்கத்து மெஷின்காரி திடுக்கிட்டுப் பார்த்தாள். காலர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி எறிந்துவிட்டு, அடிவரை குடித்தாள்.